கத்தரிக்கோலை எடுத்த கை

சாமளாபுரத்துக்காரர்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் சோமனூர். அங்கே கிழக்கே போகிற பாசஞ்சரில் ஏறினால் வஞ்சிபாளையம், திருப்பூர், ஊத்துக்குளி தாண்டி விஜயமங்கலம் வந்துவிடும். அந்தப் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது கோவை–சேலம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிதான். ஊருக்குள் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுத்த பழைய சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் சிலையை நிறுவிய சாமுண்டராயனின் தங்கை புள்ளப்பை இங்கே உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. கொங்குவேளிர் பிறந்ததும் இந்த ஊரில்தான் என்பது மரபு. அவர் எழுதிய ‘பெருங்கதை’யை உ.வே.சாமிநாதையர் 1924-ல் அச்சேற்றினார். கிடைத்த ஏடுகளில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நடுவில் எஞ்சியதே பெரிய புத்தகம்.

குணாட்டியர் பைசாச மொழியில் எழுதிய பிருகத்கதையின் வழி வந்த உதயணன் கதை இது. போர், யானை, யாழ், சூழ்ச்சி எல்லாம் உண்டு. ஆனால் வத்தவ காண்டத்தில் வரும் மானனீகை கதை தனி ரகம். பெரிய வீட்டுப் பொறாமை எப்படிப் பிறக்கிறது, யார் கைவழியாகப் பழியாக மாறுகிறது, எங்கே நிற்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன தமிழ்க் கதை வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

கதை இதுதான். கோசாம்பியின் அரசன் உதயணனுக்கு உஞ்சை நகரத்து இளவரசி வாசவதத்தை, மகத நாட்டுப் பதுமாபதி என்று இரண்டு தேவியர். அரண்மனைப் பெண்கள் பந்தாடுவதை ஒருநாள் அரசன் பார்க்கிறான். அவர்களில் ஒருத்தி மானனீகை. போரில் சிறைப்பட்டு, கை மாறி, பணிப்பெண்ணாக வந்து சேர்ந்தவள். அவள் ஆட்டத்தில் அரசன் மனம் போகிறது. ஆனால் அவளிடம் பேச வழியில்லை. வாசவதத்தைக்கு முகத்தில் கோலம் எழுதும் வேலை அவளுக்கு. மறுநாள் உதயணன் தேவியிடம், எழுதியது சரியாக இல்லை, நான் எழுதுகிறேன் என்கிறான். அவள் நெற்றியில் யவன எழுத்தில் மானனீகைக்குக் காதல் கடிதம் எழுதுகிறான். தேவிக்கு யவன எழுத்து தெரியாது. கணவன் அலங்கரித்துவிட்டான் என்ற மகிழ்ச்சியோடு அவள் திரும்பிப் போகிறாள். மானனீகை அந்த நெற்றியைப் படித்து, அழித்து, அதே நெற்றியில் பதில் எழுதி அனுப்புகிறாள்.

துரோகத்தை மனைவியின் முகத்திலேயே ஏற்றி அனுப்பிய இந்தக் காட்சியை எழுதியவருக்கு மனித மனத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாசவதத்தைக்கு விஷயம் தெரியவரும்போது வருவது வெறும் பொறாமையும் இல்லை. அவமானம் அதில் பாதிக்கு மேல். தன் முகத்தையே தூதாக ஆக்கிவிட்டார்கள், தனக்கு மட்டும் தெரியவில்லை என்ற அவமானம்.

கோபத்தில் அவள் மானனீகையைத் தூணில் கட்டச் சொல்கிறாள். கூந்தலை வெட்டிவிடும்படி உத்தரவு போடுகிறாள். கத்தரிக்கோல் வருகிறது.

இந்த இடத்தில் கொங்குவேளிர் கதையை வேடிக்கையாகத் திருப்புகிறார். அரசன் நேரில் வந்து தடுக்க முடியாது, வந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். தோழன் வயந்தகனையும் அமைச்சன் யூகியையும் அனுப்புகிறான். அவர்கள் சண்டை போடவில்லை, உபதேசமும் செய்யவில்லை. நேரத்தைக் கடத்துகிறார்கள். கூந்தலை வெட்டுவதில் இன்னின்ன முறை உண்டு என்று ஒருவன் பேச்சை இழுக்கிறான், இன்னொருவன் பித்தன் வேஷம் போட்டுக்கொண்டு வந்து குழப்புகிறான். இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே கோசலத்திலிருந்து ஓலை வருகிறது. கட்டிவைக்கப்பட்டிருப்பவள் கோசல அரசன் மகள், வாசவதத்தைக்குத் தங்கை முறை. படித்த தேவி கலங்கிப்போய்த் தானே கட்டை அவிழ்க்கிறாள், நீராட்டுகிறாள், அணி பூட்டுகிறாள். கடைசியில் தன் கணவனுக்கே மணமுடித்தும் வைக்கிறாள்.

சுபம் என்று போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் கொஞ்சம் யோசித்தால் கதை உறுத்தும். குற்றம் செய்தவர்களில் முதல் ஆள் உதயணன். அவனுக்குத் தண்டனை என்ற பேச்சே எழவில்லை. அடுத்து, மானனீகை தப்பித்தது நியாயத்தால் இல்லை, பிறப்பால். அவள் உண்மையிலேயே யாரோ ஒரு குடியானவரின் மகளாக இருந்திருந்தால் ஓலை வந்திருக்காது, கத்தரிக்கோல் வேலையை முடித்திருக்கும். மூன்றாவதாக, கத்தரிக்கோலைக் கொண்டுவந்த பணிப்பெண்கள் இருக்கிறார்கள். நேற்றுவரை மானனீகையோடு பந்தாடியவர்கள் அவர்களுக்குள் இருந்திருக்கக்கூடும். அவர்களுக்கு அவள்மேல் என்ன பகை?

இந்த மூன்றாவது கேள்விதான் சமயங்களை நெடுங்காலம் தூங்கவிடாத கேள்வி. பொறாமைப்படுபவர் ஒருவர், வதைபடுபவர் ஒருவர். நடுவில் நின்று காரியத்தைச் செய்து முடிக்கும் மூன்றாமவருக்கு எவ்வளவு பங்கு?

சாதாரண வீட்டில் இந்தக் கேள்வி அதிகம் எழாது. அங்கே பொறாமைப்படுகிறவர் தானேதான் போய்க் கத்த வேண்டும், தானேதான் கை ஓங்க வேண்டும். ஓங்கிய கையை அக்கம்பக்கத்தார் பிடிப்பார்கள், மாமியார் குறுக்கே வருவார், குழந்தை அழும். விடியட்டும், பேசிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழி தெரிந்த ஊர்களில் ஆத்திரத்துக்கும் செயலுக்கும் நடுவே இப்படிப் பல தடுப்புகள் தாமாகவே அமைந்திருக்கின்றன. பணமும் அதிகாரமும் அந்தத் தடுப்புகளை எடுத்துவிடுகின்றன. பெரிய வீட்டில் பொறாமை கூடுதலாகச் சுரப்பதில்லை. அதற்குக் கைகள் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

1925 ஜனவரி 12 மாலை. பம்பாய் மலபார் ஹில். அப்துல் காதர் பாவ்லா என்ற இளம் பெருவணிகரின் காரை இன்னொரு கார் வழிமறிக்கிறது. காரில் மும்தாஜ் பேகம் இருக்கிறார். இந்தூர் மகாராஜா மூன்றாம் துக்கோஜி ராவ் ஹோல்கரின் அரண்மனையில் ஆடல் நங்கையாக இருந்து, அங்கிருந்து தப்பி வந்தவர். பாவ்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். மும்தாஜின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். மானனீகைக்குக் கூந்தல், மும்தாஜுக்கு முகம். அவள் இனி யாருக்கும் அழகாகத் தெரியக் கூடாது என்ற அதே புத்தி இரண்டு இடத்திலும் வேலை செய்திருக்கிறது. தற்செயலாக அந்த வழியே கோல்ஃப் ஆடிவிட்டுத் திரும்பிய ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் குறுக்கிட்டார்கள். லெப்டினன்ட் சேகர்ட் என்பவர் குண்டடி பட்டும் விடாமல் போராடியதால் மும்தாஜ் பிழைத்தார், ஆட்களும் பிடிபட்டார்கள்.

விசாரணைக்குப் பம்பாயே திரண்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்காக முகமது அலி ஜின்னா வாதாடினார். மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். கூண்டில் நின்றவர்கள் இந்தூர் சமஸ்தானத்தோடு தொடர்புள்ளவர்கள். மகாராஜா கூண்டில் ஏறவில்லை. விசாரணைக் கமிஷனை ஏற்கிறீர்களா, பட்டத்தைத் துறக்கிறீர்களா என்று ஆங்கில அரசு கேட்டது. அவர் 1926-ல் பட்டத்தை மகனுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கினார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்கப் பெண் ஒருவரை மணந்துகொண்டார். தூக்குக் கயிறு கைகளுக்கு, தலைக்கு ஓய்வூதியம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று சாலையில் குறுக்கே பாய்ந்தவர்கள் ஹோல்கரின் சோற்றைத் தின்றவர்கள் இல்லை. அதனால்தான் பாய முடிந்தது.

இதற்கு நேர் எதிரான வழக்கு கடற்படைக் கமாண்டர் நானாவதியுடையது. 1959 ஏப்ரல் 27 அன்று மனைவி, பிரேம் அகுஜா என்பவரோடு தனக்கிருந்த உறவை ஒப்புக்கொள்கிறார். கமாண்டர் குடும்பத்தைச் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்டுத் தன் கப்பலுக்குப் போய் ரிவால்வரும் தோட்டாக்களும் வாங்குகிறார். அகுஜாவை அலுவலகத்தில் தேடி, அங்கே இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சுடுகிறார். தானே போய்ச் சரணடைகிறார். யாரையும் ஏவவில்லை. வெள்ளைச் சீருடை, உயர்ந்த பதவி, பார்க்க லட்சணமான மனிதர். ஊர் அவர் பக்கம் நின்றது, ‘பிளிட்ஸ்’ பத்திரிகை அவருக்காகப் பிரசாரமே நடத்தியது, ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள், ஒருவர்தான் மறுத்தார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது கடிகாரத்தைக் காட்டிப் பேசியது. வீட்டை விட்டு அவர் கிளம்பியது பகல் 1.30 மணி, கொலை நடந்தது 4.20 மணி. நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம். திடீர் ஆத்திரம் என்று சொல்ல அது அதிகம், மனம் ஆறுவதற்கு அது போதும் என்றது நீதிமன்றம்.

வயந்தகன் கோமாளித்தனம் செய்து சம்பாதித்துக் கொடுத்த அந்த அவகாசம் நானாவதிக்குக் கேட்காமலே கிடைத்தது. அதை அவர் கார் ஓட்டுவதற்குப் பயன்படுத்தினார். நேரம் தானாக யாரையும் ஆற்றிவிடாது என்பதும், அந்த நேரத்தை ஒருவர் எதில் செலவழித்தார் என்பதை வைத்தே சட்டம் அவரை அளக்கும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டுக்கு வந்தால், சரவண பவன் நிறுவனர் பி.ராஜகோபாலின் வழக்கை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, 1981-ல் சென்னை கே.கே.நகரில் ஓட்டலைத் தொடங்கி, உலகமெங்கும் கிளை பரப்பியவர். முருக பக்தர். கிருபானந்த வாரியாரிடம் ஈடுபாடு கொண்டவர். ஊழியர்களுக்குத் தங்குமிடம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு என்று செய்து கொடுத்ததால் அவர்கள் வாய் நிறைய ‘அண்ணாச்சி’ என்று அழைத்தார்கள். தம்மிடம் வேலை பார்த்த ஒருவரின் மகளை, அவர் ஏற்கெனவே மணமானவர் என்று தெரிந்தும், மூன்றாவது மனைவியாக அடைய விரும்பினார். சோதிடர் சொன்ன யோசனை அது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அந்தப் பெண்ணின் கணவர் பிரின்ஸ் சாந்தகுமார் 2001 அக்டோபரில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கொடைக்கானல் மலைக்காட்டில் உடல் கிடைத்தது. 2004-ல் செஷன்ஸ் நீதிமன்றம் பத்தாண்டு, 2009-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆயுள், 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. உடல்நிலையைக் காட்டி அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. ஜூலை 9-ம் தேதி ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தவர் 18-ம் தேதி இறந்தார்.

அவர் இறந்தபோது பத்திரிகைகள் அவருடைய தோசையையும் சறுக்கலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அவரோடு தண்டனை பெற்ற மற்றவர்களின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சாந்தகுமார் மேல் அவர்களுக்குச் சொந்தப் பகை ஏதுமில்லை. அந்தப் பெண்ணை விரும்பியதும் அவர்கள் இல்லை. அண்ணாச்சி நினைத்தார், அவர்கள் செய்தார்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்கிறது தமிழ்ப் பழமொழி. பாதிக் கணக்குதான் அது. அம்புக்கு மனம் கிடையாது, ஏவப்பட்டவருக்கு உண்டு.

சமணம் இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வாய்பாடு தருகிறது. ஒரு தீச்செயலுக்கு நினைத்தல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்று மூன்று படி. ஒவ்வொன்றும் மனத்தாலோ வாக்காலோ உடலாலோ நடக்கலாம். ஒவ்வொன்றையும் தானே செய்யலாம், பிறரைச் செய்ய வைக்கலாம், பிறர் செய்ததை மனசார ஒப்பலாம். பின்னால் இருந்து தூண்டுவது கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை என்ற நான்கில் ஒன்று. மூன்றையும் மூன்றையும் மூன்றையும் நான்கையும் பெருக்கினால் 108. சமணர்களின் ஜபமாலையில் 108 மணிகள் இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

இந்தப் பெருக்கலில் முக்கியம், ஏவுதலும் ஒப்புதலும் செய்தலோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான். வாசவதத்தை கத்தரிக்கோலைத் தொடவில்லை என்பதால் கணக்கிலிருந்து விடுபட மாட்டாள். பணிப்பெண், தேவி சொன்னாள் நான் செய்தேன் என்று நகர்ந்துவிடவும் முடியாது. கூடி நின்று, அவளுக்கு வேண்டும் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தவர்களும் வினையைக் கட்டிக்கொண்டுதான் வீடு போவார்கள். கொங்குவேளிர் இந்த மரபில் நின்று எழுதியவர். மகாராஜாவைக் கூண்டில் ஏற்ற முடியாத சட்டத்தைவிட விஜயமங்கலத்து அறம் கறாரானது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 109-ம் பிரிவும், தூண்டியபடி குற்றம் நடந்தால் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்றுதான் சொன்னது. ஏட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் யார் என்று பார்த்து வளைவதில்தான் வித்தியாசம்.

இன்னொரு சமணப் பாடமும் இங்கே வேண்டியிருக்கிறது. கோபத்தை அது வலிமையால் தரம் பிரிக்கவில்லை, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்தது. நீரில் கிழித்த கோடு, மணலில் கிழித்த கோடு, மண்ணில் வெடித்த கோடு, பாறையில் விழுந்த கோடு. சுவேதாம்பர நூல்கள் இவற்றுக்குக் கெடுவும் வைக்கின்றன. பதினைந்து நாள், நான்கு மாதம், ஒரு வருடம், ஆயுள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை என்று அவர்கள் செய்யும் பாவ மன்னிப்புச் சடங்குகள் இந்தக் கெடுக்களோடு ஒத்துப்போகின்றன. பர்யூஷண் நோன்பின் முடிவில், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள்தான் வருடாந்திரக் கெடு. அதைத் தாண்டியும் ஒரு பகையை வைத்திருப்பவர் அதைப் பாறையில் எழுதிவிட்டார் என்று அர்த்தம். பழிவாங்கும் நெஞ்சத்தை இப்படித் தேதி போட்டு நெருக்கிய சமயம் வேறு எதுவும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

பௌத்தம் வேறு திசையிலிருந்து வருகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விடாமல் துரத்துகிறான். அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவம் எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் விஞ்சையன், வானில் திரிபவர்களின் குலம். பன்னிரண்டு வருடமாக மனைவியைப் பிரிந்திருந்தவன் தேடி வந்து பார்க்கிறான். தன் மனைவி இளவரசனோடு பேசிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. வாளை உருவுகிறான். உதயகுமரன் சாய்ந்த பிறகுதான் தூணில் உறையும் தெய்வம் வாய் திறக்கிறது. அவள் உன் மனைவி இல்லை என்கிறது. இவன் பழைய வினையால்தான் செத்தான், ஆனாலும் நீ செய்தது உன்னைத் தொடராமல் விடாது என்றும் சொல்கிறது.

காப்பியத்தை எழுதிய சாத்தனாரின் நுட்பம் இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. விதி முடிந்துவிட்டது, நான் வெறும் கருவி என்று கொலையாளி சொல்லித் தப்பிக்க முடியாமல் அடைத்துவிட்டார். செத்தவனின் கணக்கு வேறு, கொன்றவனின் கணக்கு வேறு.

அதோடு நிற்கவில்லை. மகனை இழந்த அரசி, மணிமேகலைதான் காரணம் என்று பழிவாங்க இறங்குகிறாள். இவளும் தன் கையால் எதையும் செய்யவில்லை. பித்துப் பிடிக்க மருந்து கொடுக்க வைக்கிறாள். காசு கொடுத்து ஒரு இளைஞனை அவளைக் கெடுக்க அனுப்புகிறாள். நோயாளி என்று சொல்லி அடைத்துப் பட்டினி போடுகிறாள். ஒன்றும் பலிக்காமல் அவள் அஞ்சி நடுங்கும்போது மணிமேகலை கேட்கிற கேள்வி தமிழ்ப் படிப்பாளிகள் எல்லாருக்கும் தெரிந்தது. நீ உன் மகனின் உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா என்ற கேள்வி. உடலுக்கு என்றால் அதைச் சுடுகாட்டில் போட்டது யார்? உயிருக்கு என்றால் அது இப்போது எங்கே பிறந்திருக்கிறதோ, எல்லா உயிருக்கும் இரங்குவதுதான் முறை. பதிலடி கொடுக்கும் பலம் இருந்தும் அவள் கொடுக்கவில்லை. உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலன் என்ற அரசனாக இருந்தபோது, முனிவருக்கான உணவைக் கால் இடறிச் சிந்திவிட்ட சமையல்காரனை வெட்டியவன் என்பதையும் சொல்கிறாள். அங்கேயும் பாருங்கள், செத்தவன் வேலைக்காரன்.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால், பெரிய இடத்துக் காதல் பகைகளில் ஏவல் செய்கிறவர்கள் மூன்று விதமாக நடந்திருக்கிறார்கள். இந்தூர் ஆட்களும் அண்ணாச்சியின் ஆட்களும் போல் சொன்னதைச் செய்து முடித்தவர்கள் உண்டு. வயந்தகன் போல் செய்கிறேன் செய்கிறேன் என்று இழுத்தடித்தவர்கள் உண்டு. மூன்றாவது விதத்துக்கு உதாரணம் தேடக் கொங்கு நாட்டின் தெற்கெல்லைக்குப் போக வேண்டும்.

பழனிக்குப் பழைய பெயர் பொதினி. அங்கே ஆவியர் குடித் தலைவன் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே பேகன். அந்த வள்ளல் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணின் ஊரிலேயே கிடந்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவாகச் சொல்வதில்லை. சிலப்பதிகாரத்துக் கண்ணகி இல்லை, இவள் வேறு. இவளும் பழிவாங்கவில்லை. மலையைப் பாடி மன்னனை வாழ்த்த வந்த பாணர்கள் அவள் அழுவதைப் பார்க்கிறார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள் இந்த விவகாரம் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று அன்றைய பெரும்புள்ளிகள் நான்கு பேர் ஒரு குடும்பச் சண்டையில் தலையிட்டிருக்கிறார்கள். இவர்கள் பேகனின் பரிசிலில் வயிறு வளர்ப்பவர்கள். அவன் முகம் சுளித்தால் அங்கே பரிசில் நிச்சயமில்லை. இருந்தும், பொன்னும் பொருளும் வேண்டாம், இன்றே தேரைப் பூட்டி உன் மனைவியிடம் போ, அதுதான் எங்களுக்குப் பரிசில் என்று கேட்டார்கள்.

வள்ளலிடம் நீ செய்வது தப்பு என்று சொல்ல அவர்களுக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஒன்று, ஒருவர் போகவில்லை, நான்கு பேர் போனார்கள். இன்னொன்று, பேகன் இல்லையென்றால் இன்னொரு வள்ளல் இருந்தான். ஒரே வாசலை நம்பி வாழ்கிறவனுக்கு இந்தப் பாட்டு வராது.

சாமளாபுரம், சோமனூர், பல்லடம் பகுதி இந்த இடத்தை உடனே புரிந்துகொள்ளும். ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறி ஊர்கள் இவை. தறிக்காரருக்கு உற்பத்தியாளர் வேண்டும், தறி ஓட்டுகிறவருக்குத் தறிக்காரர் வேண்டும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் ஆபரேஷன் என்று வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கிறவரால் முதலாளி முகத்துக்கு நேராக எதையும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் இதே ஊர்க்காரர்கள் கூலி விஷயத்தில் சேர்ந்து நிற்கத் தெரிந்தவர்கள். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் கூலி உயர்வு கேட்டு நின்றன. மீட்டருக்கு இத்தனை என்று எழுதி வாங்காமல் ஓட்ட மாட்டோம் என்று சங்கமாகச் சொல்ல முடிந்தது.

கூலிக்குச் சங்கம் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு முதலாளி போன் போட்டு, அந்தப் பையன் எங்கே போகிறான் வருகிறான் என்று பார்த்துச் சொல்லு, அந்தம்மா வண்டியைப் பின்தொடர்ந்து போ என்று சொல்கிறபோது ஓட்டுநர் தனியாள். சங்கத்தில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. செய்தால் இது சாதாரண வேலைதானே என்று தோன்றும், மறுத்தால் நாளைக்கு வேலை இருக்காது. பெரிய குற்றங்களின் முதல் படி பெரும்பாலும் இப்படி ஒரு சில்லறை ஏவலாகத்தான் இருக்கும். உமாசுவாதியின் வாய்பாட்டில் ‘ஆயத்தம் செய்தல்’ என்று தனிப்படி ஒன்று வைத்திருப்பதன் கூர்மை அங்கேதான் தெரிகிறது. கத்தி எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே, வண்டி நம்பரைக் குறித்துக் கொடுத்த அன்றைக்கே ஒருவர் கணக்குக்குள் வந்துவிடுகிறார்.

மறுபக்கம், முதலாளியைச் சுற்றியும் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் சிலர் இருக்கிறார்கள். ஆடிட்டர், குடும்ப வக்கீல், பங்காளி, கோயில் தர்மகர்த்தா, முப்பது வருடம் கூடவே இருந்து இப்போது கணக்கு மட்டும் பார்க்கும் பழைய மேனேஜர். ஓட்டுநரைப் போல ஒரே வாசலை நம்பியவர்கள் இல்லை இவர்கள். ஏதோ நடக்கப்போகிறது என்பது இவர்கள் காதுக்கு முன்கூட்டியே வரவும் வரும். பெரிய வீட்டு விவகாரம், நமக்கெதுக்குங்க என்று எழுந்து போவது இவர்கள் வழக்கம். கபிலரும் பரணரும் அப்படி எழுந்து போகாததால்தான் பேகனின் மனைவி அழுத கதை நமக்கு ஐந்து பாட்டாகக் கிடைத்திருக்கிறது. பேகன் திரும்பிப் போனானா என்பதை அந்தப் பாடல்கள் சொல்லவில்லை. நான்கு புலவர்கள் மாறி மாறிக் கேட்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால், முதல் பாட்டுக்கு அவன் அசையவில்லை போலிருக்கிறது.